சர்வரிலிருந்து கழற்றிய ரேம் மேசைக் கணினிக்கு ஆகுமா?

குடந்தை அச்சகத்தார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ் போன்ற வழக்கமான வேலைகளோடு, பழைய தலபுராணப் பதிப்புகளை ஸ்கேன் செய்து மறு அச்சுக்கு ஆயத்தப்படுத்தும் வேலையும் இப்போது வருகிறது. 600 டிபிஐ அளவில் எடுத்த பக்கங்களைப் பத்துப் பத்தாகத் திறந்து வைத்துக் கறை நீக்கும்போது, 8 ஜிபி ரேம் மட்டுமே உள்ள என் கணினி திணறி நின்றுவிடுகிறது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசரும் எச்81 மதர்போர்டும் கொண்ட கணினி அது. ரேம் செருக இரண்டு ஸ்லாட்டுகள்தாம் உள்ளன.

ஒரு கல்லூரியில் கழித்துக்கட்டிய சர்வர்களை ஏலத்தில் எடுத்த காயலான் கடைக்காரர், அவற்றிலிருந்த ரேம் பலகைகளை ஒரு பெட்டியாக எனக்குக் கொடுத்தார். பெரும்பாலானவற்றின் ஒட்டுச்சீட்டில் '16ஜிபி 2ஆர்எக்ஸ்4 பிசி3எல்-12800ஆர்' என்றும், சிலவற்றில் '8ஜிபி 1ஆர்எக்ஸ்4 பிசி3-12800ஆர்' என்றும், இரண்டில் மட்டும் '8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800ஈ' என்றும் அச்சிட்டிருக்கிறது. கடைவீதியில் விசாரித்தபோது ஒருவர், டிடிஆர்3 வகை ரேம் எல்லாம் ஒன்றுதான், தாராளமாகப் போடலாம் என்றார். மற்றொருவர், சர்வர் ரேமைப் போட்டால் போர்டு எரிந்துவிடும் என்றார். புது ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் இவ்வளவு நினைவகம் கையில் இருந்தும் பயனில்லாமல் போய்விடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தஞ்சை பழுதுநீக்குநர் எழுதியது:

வணக்கம் ஐயா. கடைவீதியில் கேட்ட இரண்டு விடைகளுமே சரியல்ல. 'ஆர்' என்ற எழுத்தில் முடியும் பலகைகள் உங்கள் எச்81 போர்டில் வேலை செய்யமாட்டா. ஆனால் அவற்றைச் செருகிய காரணத்தால் போர்டு எரிவதும் பொதுவாக நடப்பதில்லை. டிடிஆர்3 தலைமுறையில் சர்வர் பலகைக்கும் மேசைக் கணினிப் பலகைக்கும் 240 முனைகளே. கீழ்விளிம்பிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தமும் அதே 1.5 வோல்ட்தான். '3எல்' என்று குறித்தவை 1.35 வோல்ட்டிலும் 1.5 வோல்ட்டிலும் இயங்கக்கூடியவை. ஆகவே பலகை ஸ்லாட்டில் ஒழுங்காகவே போய் அமரும். பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், திரை மட்டும் இருளாகவே இருக்கும். இப்படித் திரை வராததைப் பார்த்துவிட்டு, நல்ல பலகையைப் பழுதானது என்று முடிவுகட்டிக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்காகக் குளிரறையில் ஒழுங்கான மின்சாரத்தில் ஓடிய பலகைகள் அப்படிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே செருகிப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் படித்துவிடுங்கள். '2ஆர்' என்றால் பலகையில் இரண்டு ரேங்குகள், அதாவது ஒன்றாக இயங்கும் சில்லுத் தொகுதிகள், உள்ளன என்று பொருள். 'எக்ஸ்4' என்பது ஒவ்வொரு சில்லும் ஒரே வேளையில் நான்கு பிட்டுகளைத் தருகிறது என்பதைக் குறிக்கும். 12800 என்பது நொடிக்கு 12,800 எம்பி, அதாவது 1600 என்ற வேகத்தை எட்டு பைட்டால் பெருக்கிய தொகை. இவை எல்லாவற்றையும் விடக் கடைசி எழுத்துதான் உங்களுக்கு வேண்டியது. 'யூ' என்றால் மேசைக் கணினிக்குரிய சாதாரணப் பலகை. 'ஈ' என்றால் புரண்டுபோன பிட்டைக் கண்டு திருத்தும் பிழைதிருத்த வசதி உண்டு, ரிஜிஸ்டர் (கட்டளைகளை இடையில் வாங்கி மற்றச் சில்லுகளுக்கு அனுப்பும் துணைச்சில்லு) கிடையாது. 'ஆர்' என்றால் ரிஜிஸ்டர் உண்டு. 'எல்' என்றால் கட்டளைகளோடு தரவையும் இடைநிறுத்தி அனுப்பும் பெருங்கொள்ளளவுப் பலகை. சீட்டு கிழிந்திருந்தாலும் சாம்சங் பலகைகளில் எண்ணின் தொடக்கமே வகையைக் காட்டிவிடும்: எம்378 சாதாரணம், எம்391 பிழைதிருத்தம் மட்டும், எம்393 ரிஜிஸ்டர் உள்ளது, எம்386 'எல்' வகை. அதுவும் அழிந்திருந்தால், பலகையின் நடுப்பகுதியில் மற்றவற்றிலிருந்து அளவில் வேறுபட்ட ஒரு சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். மாண்டேஜ், ஐடிடி, இன்ஃபை என்பன போன்ற பெயர்கள் அதன்மேல் இருந்தால் அதுவே ரிஜிஸ்டர்.

உங்கள் பெட்டியில் உங்கள் கணினிக்கு உரியவை 'ஈ' என்று முடியும் அந்த இரண்டு பலகைகள்தாம். எச்81 போர்டு ஏற்கும் உச்ச அளவே 16 ஜிபி என்பதால் அவை இரண்டும் அதைச் சரியாக நிரப்பிவிடும். அந்தப் போர்டுக்குப் பிழைதிருத்தம் தெரியாது. கூடுதல் பிட்டுகளை ஒதுக்கிவிட்டு, மீதியைச் சாதாரண ரேம் போலவே பயன்படுத்தும். 'ஈ' வகையை அறவே ஏற்காத போர்டுகளும் சில உண்டு என்பதால், பழைய ரேமை எடுத்துவிட்டு முதலில் ஒன்றை மட்டும் செருகிப் பாருங்கள்.

திருவாரூர் மாணவி எழுதியது:

ஐயா, நான் மின்னணுவியல் படிக்கிறேன். முனைகளும் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்கும்போது ஒரே ஒரு சில்லு நடுவில் இருப்பதால் மட்டும் ஏன் முழுப் பலகையும் பயன்படாமல் போகிறது என்பது எனக்குத் தெளிவாகவில்லை. பலகையின் விவரங்களைச் சொல்லும் எஸ்பிடி சில்லில் மூன்றாம் பைட் ரிஜிஸ்டர் பலகைக்கு 01 என்றும் சாதாரணப் பலகைக்கு 02 என்றும் இருக்கும் எனப் படித்தேன். அந்த ஒரு மதிப்பை மாற்றி எழுதிவிட்டால் மேசைக் கணினியின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) ஏமாந்து ஏற்றுக்கொள்ளாதா?

தஞ்சை பழுதுநீக்குநர் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. அச்சகத்தார் குறிப்பிட்ட 16 ஜிபி பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் 4 ஜிபிட் சில்லுகள் முப்பத்தாறு இருக்கும். அத்தனைக்கும் முகவரியையும் கட்டளையையும் பிராசசரிலுள்ள நினைவகக் கட்டுப்பாட்டகமே நேராக அனுப்ப வேண்டுமென்றால், அந்தச் சுமையில் மின்சைகையின் வடிவம் மழுங்கிவிடும். தலைப்பில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும்போது வலுவிழந்து போவதை நம் பகுதியில் பார்க்கிறோம் அல்லவா, அதைப் போன்றது இது. இடையில் ஒரு மதகு கட்டித் தேக்கி, மட்டம் உயர்த்தி, மீண்டும் திறந்துவிட்டால் கடைசி வயலுக்கும் பாயும். ரிஜிஸ்டர் அந்த வேலையைத்தான் செய்கிறது. வந்த கட்டளையை ஒரு கடிகாரத் துடிப்பு அளவு பிடித்துவைத்து, அடுத்த துடிப்பில் புதிய வலுவுடன் எல்லாச் சில்லுகளுக்கும் அனுப்புகிறது. தரவு மட்டும் சில்லுக்கும் பிராசசருக்கும் இடையே நேராகவே போகிறது.

சிக்கல் அந்த ஒரு துடிப்பில் இருக்கிறது. கட்டளை ஒரு துடிப்பு தாமதமாகத்தான் சில்லைச் சென்றடைகிறது என்பதைக் கட்டுப்பாட்டகம் அறிந்து, அதற்கேற்பத் தரவை எதிர்பார்க்க வேண்டும். அதோடு, கணினி தொடங்கும்போதே ரிஜிஸ்டருக்குள் சில கட்டுப்பாட்டு மதிப்புகளை எழுதி அதை ஆயத்தப்படுத்தவும் வேண்டும். ஐ3, ஐ5, ஐ7 என்று சாதாரண மேசைக் கணினிகளில் வரும் இன்டெல் பிராசசர்களின் கட்டுப்பாட்டகத்துக்கு இந்த இரண்டும் தெரியா. எஸ்பிடியில் 01 என்பதை 02 என்று மாற்றினால், பயாஸ் தன் முதல் சோதனையில் ஏமாறலாம். ஆனால் ரிஜிஸ்டர் அங்கேயே இருக்கிறது, தாமதமும் இருக்கிறது. அடுத்த படியிலேயே தரவு வரவேண்டிய நேரத்தில் வராது. மாற்றி எழுதும்போது தவறு நேர்ந்தால், சரியான சர்வரிலும் அந்தப் பலகை அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆகையால் அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இடையில் செருகி 'ஆர்' பலகையைச் சாதாரணப் பலகையாக்கும் அடாப்டர் ஏதேனும் உண்டா என்று கேட்பவர்களுக்கும் இதே விடைதான்: ரிஜிஸ்டர் பலகையின் உள்ளேயே, முகவரி போகும் வழியிலேயே இருப்பதால் வெளியிலிருந்து அதைச் சுற்றிப் போக வழியில்லை.

மயிலாடுதுறை ஒளிப்பதிவாளர் எழுதியது:

அச்சகத்தார் அண்ணனுக்கு ஒரு சொல். ரேமுக்குப் பொருந்தாத கணினியோடு மல்லுக்கட்டுவதை விட, ரேமுக்குப் பொருந்தும் கணினியைத் தேடுவதே ஆதாயம் என்பது என் உறுதியான கருத்து. நான் திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். என்னிடம் இருப்பது பெருநிறுவனம் ஒன்றில் பயன்படுத்திக் கழித்த எச்பி இசட்620 பணிநிலையம் (ஒர்க்ஸ்டேஷன்). ஜியான் இ5-2670 பிராசசர், எட்டு கோர்கள். உங்களிடம் உள்ள அதே 16 ஜிபி 'ஆர்' பலகைகள் நான்கைச் செருகி 64 ஜிபியோடு ஓட்டுகிறேன். இந்தப் பிராசசருக்கு நினைவகச் சேனல்கள், அதாவது ரேமோடு பேசும் தனித்தனி வழிகள், நான்கு. எனவே பலகையை ஒற்றையாகவோ இரட்டையாகவோ போடாமல் நான்காகப் போட்டால், உங்கள் கணினியைப் போல இரு மடங்கு, நொடிக்கு 51.2 ஜிபி வரை, தரவு செல்லும் வேகம் கிடைக்கும்.

வாங்கும்போது பெயரை நன்றாகப் பாருங்கள். இசட்420 என்ற இயந்திரமும் அதே 2012ஆம் ஆண்டு வெளிவந்ததுதான், அதே இ5 குடும்பப் பிராசசரை ஏற்பதுதான். ஆனாலும் அதில் ரிஜிஸ்டர் இல்லாத பலகைகளை மட்டுமே போட முடியும். வெளித்தோற்றத்தை நம்பி இசட்420 வாங்கினால் பெட்டியிலுள்ள 'ஆர்' பலகைகள் மீண்டும் பெட்டிக்கே திரும்பும். இசட்620 வாங்கும்போதும் பயாஸ் திரையில் பூட் பிளாக் தேதி 2013 என்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2011 தேதியுள்ள பழைய போர்டுகள் அடுத்த தலைமுறையான வி2 வகைப் பிராசசர்களை ஏற்பதில்லை. டெல் டி5610 போன்ற இரட்டைப் பிராசசர் பணிநிலையங்களும் இந்த ரேமை ஏற்கும். இந்த ஜியான்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதால் தனி கிராபிக்ஸ் அட்டை கட்டாயம் வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்79, எக்ஸ்99 என்ற பெயர்களில் சீனாவிலிருந்து வரும் புதிய மதர்போர்டுகளை வாங்கி, அதில் பழைய ஜியானையும் 'ஆர்' ரேமையும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நடக்கும். இ5-2678 வி3 போன்ற சில பிராசசர்கள் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டையும் ஏற்பதால் அவற்றுக்கென்றே டிடிஆர்3 ஸ்லாட் வைத்த போர்டுகளும் விற்பனையாகின்றன. ஆனால் பயாஸ் புதுப்பிப்பு முறையாக வராது. பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆளில்லை. தொழிலை நம்பியிருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மன்னார்குடி வாசகர் எழுதியது:

நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைத்த ரேமுக்காக ஒரு முழு இயந்திரத்தை வாங்குவது சிக்கனமா என்பதை அச்சகத்தார் அமைதியாகக் கணக்கிட வேண்டும். இ5-2670 பிராசசரின் வெப்ப வரையறையே 115 வாட். ரிஜிஸ்டர் பலகை ஒவ்வொன்றும் சுமையைப் பொறுத்துச் சில வாட் எடுக்கும். அதற்கு மேல் கிராபிக்ஸ் அட்டை. இப்போதுள்ள ஐ5 கணினியை விட அந்த இயந்திரம் சராசரியாக 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தில் 0.6 யூனிட், இரண்டு மாதத்தில் 36 யூனிட் கூடும். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட்டுகள் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்குத்தான். அச்சகத்தின் வணிக இணைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

கட்டணத்தை விட முக்கியம் இன்வெர்ட்டர். கோடையிலும் மழைக்காலத்திலும் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் பகுதியில், இப்போது ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரி இந்த இயந்திரத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 16 ஜிபி போதுமென்றால் 'ஈ' பலகைகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். மென்பொருள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய ஜியான்களை முறைப்படி ஏற்பதில்லை. நான்காம் தலைமுறை ஐ5க்கும் அதே நிலைதான்.

மயிலாடுதுறை ஒளிப்பதிவாளர் எழுதியது:

மன்னார்குடி ஐயா சொன்ன மின்கணக்கை ஏற்கிறேன். ஆனால் வேலையின் தன்மையையும் எடைபோட வேண்டும். நினைவகம் போதாமல் கணினி ஹார்டு டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும்போது, ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகிறது. அத்தனை நேரமும் கணினி மின்சாரம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாள் முழுதும் கடிதமும் பில்லும் தட்டச்சு செய்யும் கணினிக்கு 64 ஜிபி தேவையில்லை. 600 டிபிஐ வண்ணப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வருமென்றால் தேவை வேறு. என் இயந்திரத்தில் லினக்ஸ்தான் ஓடுகிறது. இந்தப் பிராசசர்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

பட்டுக்கோட்டை மென்பொருளர் எழுதியது:

இதுவரை பிழைதிருத்தத்தை எல்லோரும் கூடுதல் சுமை போலவே பேசிவிட்டார்கள். பழைய சர்வர் ரேமில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். சாதாரணப் பலகை ஒரு வேளையில் 64 பிட்டுகளைக் கொடுக்கிறது. பிழைதிருத்தும் பலகை 72 பிட்டுகள் கொடுக்கிறது. அந்த எட்டுப் பிட்டுகளைக் கொண்டு, 64இல் ஒரு பிட் புரண்டிருந்தால் எது என்று கண்டு திருத்திவிடலாம். இரண்டு புரண்டிருந்தால் பிழை உண்டு என்று அறிவிக்கலாம். இதன் அடிப்படை பெல் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஹேமிங் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. இது சர்வர்காரர்களின் வீண் பயம் என்று நினைப்பவர்கள், டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். கூகுளின் இயந்திரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ரேம் பலகைகளில் எட்டு விழுக்காட்டுக்கு மேலும், ஓராண்டில் திருத்தத்தக்க பிழை ஒன்றையாவது சந்தித்திருந்தன. ஒரு தலபுராணத்தின் ஒரே எஞ்சிய படியை ஸ்கேன் செய்து கோப்பாக்குகிறவருக்கு, அந்தக் கோப்பில் தெரியாமல் ஒரு பிட் புரண்டுவிடாதிருப்பது சிறிய காரியமா?

ரிஜிஸ்டர் இல்லாத 'ஈ' வகைப் பலகைக்கு ஏஎம்டி பக்கம் போவது நல்ல வழி. டிடிஆர்4 'ஈ' வகைப் பலகைகளை ரைசன் ஏஎம்4 மதர்போர்டுகள் பல ஏற்கின்றன, பிழைதிருத்தத்தோடே இயக்குகின்றன. போர்டு தயாரித்தவரின் விவரப் பக்கத்தில் அதைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். கிராபிக்ஸ் உள்ளமைந்த 'ஜி' வகை ரைசன்களில் 'ப்ரோ' என்ற பெயர் இல்லாதவற்றில் பிழைதிருத்தம் வேலை செய்யாது. 'ஆர்' பலகையை ஏஎம்4 ஏற்காது. இன்டெல்லில் ஜியான் இ3 பிராசசர்களும் 'ஈ' வகையைத்தான் ஏற்கும். ஜியான் என்ற பெயரைப் பார்த்து அதில் 'ஆர்' போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிழைதிருத்தம் உண்மையில் இயங்குகிறதா என்பதை லினக்ஸில் சரிபார்க்கலாம். டிஎம்ஐடிகோட் கட்டளை மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று காட்டினால் பலகை அந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியும். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பிழைதிருத்தத்தைப் பயன்படுத்தாத போர்டுகளும் சில வேளை 72 என்று காட்டுகின்றன. கெர்னலின் ஈடேக் இயக்கி கட்டுப்பாட்டகத்தை ஏற்றுப் பிழைக் கணக்கைக் காட்டுகிறதா என்று பார்ப்பதே உறுதியானது.

இன்னொன்று. ஏஎம்டிக்கு மட்டும் என்ற குறிப்புடன் மலிவாக விற்கும் டிடிஆர்3 8 ஜிபி பலகைகளை இணையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் எக்ஸ்4 சில்லுகள், அதாவது சர்வர் பலகைகளில் வரும் வகை. இன்டெல்லின் மேசைக் கணினிக் கட்டுப்பாட்டகம் எக்ஸ்8, எக்ஸ்16 சில்லுகளை மட்டுமே ஏற்கும்; பழைய ஏஎம்டி பிராசசர்கள் எக்ஸ்4ஐயும் ஏற்கும். அச்சகத்தாரின் 'ஆர்' பலகைகளிலும் எக்ஸ்4 என்றே இருப்பதால், அவருடைய ஐ5க்கு ரிஜிஸ்டர் ஒரு தடை, சில்லின் அகலம் இன்னொரு தடை.

நாகை ஆசிரியர் எழுதியது:

இந்த இழையை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு ஒரு நிறுவனம் பழைய சர்வர் உதிரிகளைத் தர முன்வந்திருக்கிறது. மூன்று ஐயங்கள் உள்ளன. அரசு வழங்கிய எல்காட் மடிக்கணினிகள் சில இன்னும் இயங்குகின்றன. அவற்றில் இந்த ரேமைப் போட முடியுமா? வருவது டிடிஆர்4 ஆக இருந்தால் இங்கே சொன்னவை எல்லாம் அதற்கும் பொருந்துமா? தருகிறவர்கள் ரேமில் தங்கள் தரவு இருக்குமோ என்று தயங்குகிறார்கள், என்ன சொல்லட்டும்? எங்கள் பள்ளி கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, உப்புக்காற்று மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தஞ்சை பழுதுநீக்குநர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, மடிக்கணினிக்கு இவை ஆகா. அதில் வருவது அளவில் குறுகிய சோடிம் பலகை, சர்வர் பலகை அதன் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

டிடிஆர்4இலும் நிலைமை இதேதான். 288 முனைகள், 1.2 வோல்ட், 'ஆர்' பலகையும் சாதாரணப் பலகையும் ஒரே ஸ்லாட்டில் அமரும், ஆனால் மேசைக் கணினி 'ஆர்' பலகையோடு தொடங்காது. அதற்கு எச்பி இசட்440, டெல் டி5810 போன்ற பணிநிலையங்கள் பொருந்தும். இவை நம் பகுதிக்கும் பழைய கணினி வணிகர்கள் வழியாக வந்துகொண்டிருக்கின்றன. டிடிஆர்5இல் இரண்டு வகைக்கும் வெட்டின் இடத்தையே மாற்றிவிட்டார்கள். சாதாரணப் பலகைக்கு 5 வோல்ட்டும் ரிஜிஸ்டர் பலகைக்கு 12 வோல்ட்டும் போர்டிலிருந்து போவதால், தவறிச் செருகவே முடியாதபடி செய்திருக்கிறார்கள். எந்தத் தலைமுறையானாலும் 'ஆர்', 'எல்', ரிஜிஸ்டர் இல்லாதவை என்ற மூன்றில் ஒன்றோடு இன்னொன்றை ஒரே போர்டில் கலக்காதீர்கள்.

தரவைப் பற்றிய தயக்கம் ரேமுக்குத் தேவையில்லை. மின்சாரம் நின்ற சிறிது நேரத்திலேயே அதிலிருப்பது அழிந்துவிடும். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றைத்தான் அவர்கள் கழற்றிவைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. இன்டெல்லின் ஆப்டேன் நிலைநினைவகப் பலகைகள் டிடிஆர்4 பலகையைப் போலவே இருக்கும்; 128 ஜிபி, 256 ஜிபி என்று பெரிய எண்களோடு மலிவாகவும் விற்கின்றன. அவை மின்சாரம் போனாலும் தரவைக் காத்து வைப்பவை. 2019 முதல் வந்த குறிப்பிட்ட சில ஜியான் சர்வர்களில் மட்டுமே இயங்கும். 2022இல் இன்டெல் அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது. உங்களுக்கு வரும் பெட்டியில் அப்படி ஏதேனும் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கணினிகளில் நான் அதிகம் காண்பது ஸ்லாட்டின் உள்முனைகளில் படியும் உப்பும் ஈரமும். பலகையின் பொன்பூசிய முனைகள் எளிதில் அரிக்கா; அவற்றின்மேல் படிந்த அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தாலே போதும். ஸ்லாட்டை மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, முழுதும் உலர்ந்த பிறகு செருகுங்கள். அறுவடைக் காலத்தில் பதர்த்தூசி சன்னல் வழியே வந்து படியும் ஊர்களிலும் இதே கவனம் வேண்டும். பலகையைத் தொடும் முன் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு இதை முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பிறகு மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுங்கள். பிழைதிருத்தம் இருக்கிறதே என்று பழுதான பலகையை வைத்துக்கொண்டு ஓட்டுவது தவறு. இருக்கிற பாதுகாப்பை நாமே செலவழித்துவிடுகிறோம்.

திருவாரூர் மாணவி எழுதியது:

ரிஜிஸ்டர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி ஐயா. பெரிய தரவு மையங்களே இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுவதைப் பற்றிப் படித்தேன். டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் புதிய சர்வர்களில், கழித்த சர்வர்களின் டிடிஆர்4 பலகைகளைச் சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியாகப் பயன்படுத்தும் வடிவமைப்பை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரை விவரிக்கிறது. அங்கே பழைய ரேமோடு பேசத் தனிக் கட்டுப்பாட்டகத்தையே அட்டையில் வைத்துவிடுகிறார்கள். மேசைக் கணினிக்கு அது எப்போது வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

மன்னார்குடி வாசகர் எழுதியது:

இன்றைய சந்தை நிலையை ஒட்டியும் ஒரு சொல். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக நினைவக உற்பத்தி திசைதிரும்பிவிட்டது. மைக்ரான் நிறுவனம் குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தொழிலிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பயன்படும் பலகை எதையும் எடைக்குப் போடாதீர்கள். உண்மையிலேயே பழுதானவற்றை மட்டும், 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். பொன் எடுக்கிறேன் என்று வாய்க்கால் கரையில் அமிலத்தில் ஊறவைப்பவர்களிடம் கொடுத்தால், அந்த நஞ்சு நம் வயலுக்குத்தான் வரும்.

குடந்தை அச்சகத்தார் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 'ஈ' பலகைகள் இரண்டையும் தஞ்சை ஐயா சொன்னபடி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். எச்81 போர்டு இரண்டையும் ஏற்று 16 ஜிபி காட்டுகிறது. இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓடியது, பிழை ஏதும் இல்லை. பக்கங்களைத் துப்புரவு செய்யும் வேலை இப்போது தடையில்லாமல் நடக்கிறது. எனவே இன்வெர்ட்டரையும் மின்கட்டணத்தையும் எண்ணி, பணிநிலையம் வாங்கும் முடிவைத் தள்ளி வைத்திருக்கிறேன். மறு அச்சு வேலை பெருகினால் இசட்620 ஒன்றைத் தேடுவேன். அதற்காக 16 ஜிபி 'ஆர்' பலகைகள் நான்கை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மீதமுள்ள 'ஆர்' பலகைகளை, அவற்றை ஏற்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு விலையின்றிக் கொடுக்க விரும்புகிறேன்; பள்ளிகளுக்கு முன்னுரிமை. நாகை ஆசிரியர் ஐயா, உங்களுக்கு வரும் சர்வர் உதிரிகளில் டிடிஆர்3 போர்டு இருந்தால் சொல்லுங்கள், முதலில் உங்களுக்கே அனுப்புகிறேன். மற்றவர்கள் தனிச்செய்தியில் எழுதும்போது பிராசசரின் பெயர், மதர்போர்டின் பெயர், இப்போது அதில் இருக்கும் ரேமின் சீட்டில் உள்ள கடைசி எழுத்து ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள். ஏற்கும் என்று தஞ்சை ஐயா பார்த்துச் சொன்ன பிறகு, நிலைமின்சாரம் தாக்காத உறையில் இட்டுப் பேருந்துப் பார்சலில் அனுப்பி வைக்கிறேன்.